மடிப்பு வைத்த சைக்கிள்

சோணை ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது காசிமாயன் வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். மாசி மாதத்து மத்தியானம். தெருவில் ஆளில்லை. மேற்கே மலை, வெயிலில் வெளுத்துப்போய், துவைத்துக் காயப்போட்ட சீலை மாதிரி ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்தபடியே அந்த மலையைப் பார்ப்பதுதான் காசிமாயனுக்குக் கொஞ்ச காலமாக இருந்த ஒரே சோலி.

அதற்கு முன் அவன் மலையில் நிழல் கழிக்கிறவனாக இருந்தான். ஏலச்செடிக்கு நிழல் இல்லாமலும் ஆகாது, மிஞ்சினாலும் ஆகாது. மழைக்கு முன்னால் பெரிய மரங்களில் ஏறி, கிளைகளை அளவாகக் கழித்து, வெயிலைச் சலித்த மாவு மாதிரி கீழே இறக்கிவிட வேண்டும். போடிமெட்டுக்கு மேலே இருந்த தோட்டங்களில் காசிமாயனைப் போல ஏறுகிறவன் இல்லை என்று பெயர். நெட்டை ஆள், காலும் கையும் நீளம். ஒரு வைகாசியில் சந்தன வேம்பு ஒன்றின் உச்சியிலிருந்து கால் வழுக்கிக் கீழே வந்தான். உயிர் தப்பியது. இடது முழங்கால் மட்டும் அதற்குப் பிறகு மடங்க மறுத்துவிட்டது. லேசாக ஒருக்களித்த கதவு அளவுக்கு மடங்கும், அவ்வளவுதான். அவனும் வேலுத்தாயும் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு போடிக்கு இறங்கி வந்தார்கள். அவள் ஏலக்காய் மூட்டைகளை வைக்கிற கிட்டங்கியில் காயைத் தரம் பிரித்துப் பொறுக்கப் போனாள். அவன் கட்டிலில் கிடந்தான்.

விழுந்ததை நினைத்தால் அவனுக்குப் பயம் வருவதில்லை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கிளை கைவிட்ட பிறகு தரை வந்து சேரும் வரை இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவனுக்கு அடிக்கடி கனவில் வந்தது. கனவில் தரையே வராது. ஏலத் தோகைகளுக்கு ஒரு முழம் உயரத்தில், உட்கார்ந்த வாக்கிலேயே போய்க்கொண்டிருப்பான். காற்று முகத்தில் படும். தோகைகள் இரண்டு பக்கமும் விலகி வழிவிடும். விழித்தால் கட்டில், வேப்பமரம், உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கால்.

சோணை வேலுத்தாயின் தம்பி. மலைக்கு ஆட்களையும் லோடையும் ஏற்றி இறக்கும் ஜீப்பு ஓட்டினான். அன்றைக்கு அவன் வண்டியின் பின்பக்கத்திலிருந்து கரிக்கட்டை போன்ற ஒன்றை இழுத்து வேப்பமரத்தில் சாய்த்தான்.

"மச்சான், இது இங்க கெடக்கட்டும். சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயி பழைய இரும்புல போட்டுர்றேன்."

"என்ன மாப்ளே அது?"

"சைக்கிளாம். ஒங்க பழைய தோட்டத்துல ஸ்டோர இடிச்சுக் கட்டுறாங்க. உத்தரத்துல கம்பி போட்டுத் தொங்கவிட்டு, சாக்கு மாட்டி வச்சிருந்தாங்க. எத்தன வருசமோ. வாட்ச்மேன் சேட்டன் 'கொண்டுபோய்க்கோ'ன்னுட்டாரு."

சக்கரம் இல்லை, சீட்டு இல்லை. பிரேமும் முன் சக்கரம் மாட்டும் ஃபோர்க்கும் மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும், இரண்டு பக்கமும் மிதிகட்டை இல்லாத மொட்டைக் கிராங்கும் இருந்தன. ஏலக்காயை விறகுச் சூட்டில் உலர்த்துகிற ஸ்டோரில் தொங்கியதால் புகை ஏறி அட்டக் கறுப்பாக இருந்தது. வெயில் அதன்மேல் விழுந்து சூடேறச் சூடேற அதிலிருந்து ஒரு வாசம் கிளம்பியது. முதலில் புகை, அதற்கு அடியில் ஏலம். காசிமாயன் கண்ணை மூடிக்கொண்டான். மலை மேற்கிலிருந்து கிளம்பி நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

சோணை சாயங்காலம் வந்தபோது, "இருக்கட்டும் மாப்ளே, கடைக்குப் போட வேணாம்" என்றான்.

"எதுக்கு மச்சான்?"

"சும்மா கெடக்கட்டும்."

வேலுத்தாய் கிட்டங்கியிலிருந்து திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. அவள் வேகமாக எட்டு வைத்து வந்தாள். பிறகு பார்த்தால், புருஷன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் கை கொடுக்காமல் அவனாக இறங்கி உட்கார்ந்திருக்கிறான். அவள் உள்ளே போய் உலை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

"அது என் உள்பாவாடையில்ல?"

"பழசுதான் வேலு."

"நேத்து வரைக்கும் பழசு இல்ல," என்றாள். ஆனால் திருப்பிக் கேட்கவில்லை.

கறுப்புக்கு அடியில் பச்சை வந்தது. பாசி படிந்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆழமான பச்சை. பச்சையின் ஓரத்தில் தலைமயிர் கனத்துக்கு ஒரு தங்கக் கோடு. முன்கழுத்தில் கம்பெனி முத்திரை இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. தெருவில் பார்த்தவர்களில் சிலர் ராலே என்றார்கள், சிலர் ஹம்பர் என்றார்கள். காசிமாயனுக்குப் பெயர் தெரிய வேண்டியிருக்கவில்லை. அவன் யோசித்ததெல்லாம் வேறு. ரோடு போடுவதற்கு முன்னால் கழுதைப் பாதை மட்டுமே இருந்த மலைக்கு இதைத் தலையில் சுமந்து ஏறியது யார், எதற்காக ஏறினான் என்று யோசித்தான். துணியால் தேய்த்துக்கொண்டே இருப்பான். பச்சைச் சைக்கிள் ஒன்று ஏலக்காட்டுக்குள் மூடுபனியில் மிதந்து வரும். ஓட்டுகிறவன் முகம் மட்டும் தெரியாது.

பாகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சைக்கிள் கடை ராக்கையா கழித்துப் போட்டதையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளிக் கொடுத்தார். தேனிப் பக்கம் போகும்போதெல்லாம் சோணை ஏதாவது கொண்டுவந்தான். முன் ரிம் ஒரு வண்டியுடையது, பின் ரிம் வேறு வண்டியுடையது. பழைய தோல் சீட்டு ஒன்றுக்கு வேலுத்தாய் விளக்கெண்ணெய் தடவித் தடவிப் பதமாக்கினாள். பங்குனியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு ஊரெல்லாம் பறந்தபோது, கிரீஸ் தடவிய ஹப்புகளில் பஞ்சு ஒட்டிக்கொண்டு, வாசலில் இரண்டு வெள்ளைக் குருவிக்கூடுகள் கிடப்பது போலிருந்தது. அவன் அதைப் பிய்க்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சக்கரம் கோப்பதுதான் பெரிய பாடு. கம்பிகளை ஒன்றுக்கொன்று பின்னி முடித்துச் சுழற்றினால் சக்கரம் குடித்தவன் நடை நடந்தது. பிரிப்பான், மறுபடி கோப்பான். கடைசியில் வீட்டு விட்டத்தில் கயிறு கட்டிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கோட்டம் எடுக்க ஆரம்பித்தான். இருந்தது ஒரே அறை. சோறு தின்கிற இடத்துக்கு மேலே சக்கரம், படுக்கிற இடத்துக்கு மேலே சக்கரம். வேலுத்தாய் குனிந்து குனிந்தே நடமாடினாள்.

சித்திரையில் ஒரு நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. கிட்டங்கிக்கு லீவு. அவன் சக்கரத்தைச் சுழற்றி, ஓரத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடிக்க வேலுத்தாயிடம் சொன்னான். ரிம் எங்கே கோணியிருக்கிறதோ அங்கே சாக்பீஸ் ஒட்டும். அந்த இடத்துக் கம்பியை அவன் முறுக்குவான். அவள் அலுப்போடுதான் உட்கார்ந்தாள்.

"தொடுது... தொடல... தொடல... இப்பத் தொடுது."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன். தொடல. தொடுது, ஆனா முந்தி மாதிரி இல்ல, தடவிட்டுப் போகுது."

மழை ஓட்டின்மேல் பெய்துகொண்டே இருந்தது. கம்பிகளின் ஊடே கதவு வெளிச்சம் விட்டுவிட்டு வந்து இருவர் முகத்திலும் ஓடியது. அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாலாட்டு மாதிரி இறங்கியது. தொடல, தொடல, தொடல. அவன் கையை எடுத்துவிட்டான். அவளும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். வாசல் வழியே வந்த ஈரக்காற்றில் சக்கரம் தானாகச் சுற்றியது. இருவரும் பாயில் படுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எப்போது தூங்கினோம் என்று இருவருக்கும் தெரியாது. எழுந்தபோது மழை விட்டிருந்தது, சக்கரம் இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆனி பிறந்தபோது சைக்கிள் முடிந்தது. கம்பி பிரேக்கு, கேரியர், பித்தளைப் பெல். வேப்பமரத்தில் சாய்த்து வைத்தால் போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சோணை ஜீப்பிலிருந்து இறங்கி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"எங்க மச்சான், ஏறி ஒரு மிதி மிதிங்க பாப்போம்."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலாகிவிட்டது. வேலுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். காசிமாயன் சிரிக்க முயன்றான். பிறகு என்ன நினைத்தானோ, மரத்தைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தான். வலது காலை மிதியில் வைத்தான். இடது காலைக் கையால் தூக்கி வைத்தான். வலது கால் கீழே போக, இடது மிதி மேலே வந்தது. மடங்காத கால் பாதி தூரம்கூட வர மறுத்து அவனைப் பக்கவாட்டில் நெம்பித் தள்ளியது. சோணை தாங்கிப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பான்.

"ஓட்டுறதுக்குன்னு நான் செய்யல மாப்ளே," என்றான் காசிமாயன். "சும்மா செஞ்சேன்."

அன்று சாயங்காலம் சைக்கிளின்மேல் சாக்கைப் போர்த்திவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பிப் போனான். முகத்தை மலைப் பக்கம் வைக்காமல் சுவர்ப் பக்கம் வைத்துப் படுத்தான். வேலுத்தாய்க்கு அதுதான் தாங்கவில்லை.

கிட்டங்கியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள் மொக்கம்மாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மகளின் பாவாடையில் ஏதோ தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். வாங்கும்போது நீளமாக இருந்ததால் நடுவில் ஒரு மடிப்பு வைத்துத் தைத்திருந்தாளாம். இப்போது மகள் வளர்ந்துவிட்டாள், மடிப்பைப் பிரிக்கிறாள். வேலுத்தாய் முறத்தில் கையை வைத்தபடியே அந்த மடிப்பைப் பார்த்தாள். கீழ் ஓரத்துக் கரையும் அப்படியே இருக்கிறது, மேலே நாடா போட்ட இடமும் அப்படியே இருக்கிறது. நடுவில் மட்டும் குறைந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சாக்கை விலக்கி, சைக்கிளின் இடது கிராங்கைக் காட்டினாள். மிதிகட்டையை அச்சோடு சேர்க்கிற இரும்புக் கை அது. சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

"இது இம்புட்டு நீளமா இருக்கப்போயித்தான மிதி அம்புட்டு ஒசரம் வருது? இதக் குட்டையாக்குனா?"

"ரெண்டு முனையிலயும் ஓட்டை இருக்குல்ல வேலு. முனைய வெட்டுனா எதுல மாட்டுறது?"

"முனைய ஏன் வெட்டணும்? நடுவுல வெட்டி எடுத்துட்டு ரெண்டையும் ஒட்டச் சொல்லுங்க. பாவாடைக்கு மடிப்பு வைக்கிற மாதிரி."

காசிமாயன் எழுந்து உட்கார்ந்தான். கிராங்கையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் முகம் திடீரென்று இறுகியிருந்தது.

"ஒண்ணு சொல்லுங்க மொதல்ல. மரத்துல ஏற மாட்டேன்னு சொல்லுங்க."

"இந்தக் கால வச்சுக்கிட்டா?"

"ஏறுவீங்க. இத மிதிக்க முடிஞ்சுச்சுன்னா அடுத்து அதுதான் தோணும். எனக்குத் தெரியாதா?"

அவன் கிராங்கைத் தடவிக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு மாட்டுவண்டி போய் முடிந்தது.

"ஏறல," என்றான்.

மறுநாள் கிராங்கைக் கழற்றிச் சோற்றுத் தூக்குப் பைக்குள் போட்டுக்கொண்டு அவளே வெல்டிங் பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு இரும்பைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு வெட்டினார். நாலு விரல் நீளத்துக்கு வந்தது அது. ஒட்டிய இடத்தில் ஒரு தழும்பு. வேலுத்தாய் சூடு ஆறும் வரை காத்திருந்து வாங்கி வந்தாள்.

அதோடு சரியாகிவிடவில்லை. மேல் சுற்றுக்குக் கால் வந்தது. கீழ்ச் சுற்றில் மிதி முன்போல இறங்காததால் கால் உயரத்திலேயே நின்று முழங்கால் குத்தியது. இதைக் காசிமாயனே யோசித்துக் கண்டான். சீட்டை உயர்த்தினால் இடது காலுக்குச் சரியாக இருக்கும், ஆனால் வலது கால் மிதிக்கு எட்டாது. எட்டாத காலுக்கு மிதியை உயர்த்தினால் போயிற்று. வலது மிதியின்மேல் பலாக்கட்டை ஒன்றைச் செதுக்கி ஆணி முறுக்கினான். வலது கால் பெரிய வட்டம் போட்டது. இடது கால் அதன் பக்கத்தில் கிண்ணத்து அளவுக்கு ஒரு வட்டம் போட்டது, இடுப்பு கொஞ்சம் ஆடிக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து சங்கிலியை இழுத்தன.

துவைக்கிற கல்லின்மேல் நின்று ஏறினான். வேலுத்தாய் கேரியரைப் பிடித்துக் கொஞ்ச தூரம் ஓடினாள், பிறகு விட்டாள். சைக்கிள் ஒரு பக்கம் நொண்டி நொண்டி, தெருமுனை வரைக்கும் போய்விட்டது. காற்று முகத்தில் பட்டது. காசிமாயன் வாயைத் திறந்து காற்றைக் குடித்தான். அங்கிருந்த கோயிலைச் சுற்றித் திரும்பி வந்தான். வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் எப்படி நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை என்பது தெரிந்தது. சீட்டு உயரம், தரைக்குக் கால் எட்டாது. வாசலைத் தாண்டிப் போனான். மறுபடி கோயிலைச் சுற்றினான். மறுபடி வந்தான்.

"என்னங்க, எறங்கலையா?" என்று கத்தினாள் வேலுத்தாய்.

"எப்படி எறங்குறது?"

தெருவே சிரித்தது. அவள் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஓடி, கேரியரைப் பிடித்துத் தொங்கி, அவனை வேப்பமரத்தில் கொண்டுபோய்ச் சாய்த்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அன்றிலிருந்து நிறுத்த வேண்டுமென்றால் அவனுக்கு ஒரு கல்லோ, மரமோ, மதகோ வேண்டும். எந்தத் தெருவில் எந்தக் கல் இருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடமானது.

ஆடிக் காற்றில் அவன் ராசிங்காபுரம் வரைக்கும் போய்வந்தான். கேட்டு வாங்கி ஏறிப் பார்த்த இளவட்டங்கள் எல்லாரும் இரண்டு சுற்றில் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அது அவனுக்கு மட்டுமான சைக்கிள். ஆனால் மேற்கே திரும்பும்போதெல்லாம் மலை முன்னால் வந்து நின்றது. ஆவணியில் ஒரு நாள் சோணையிடம் கேட்டான்.

"மாப்ளே, மெட்டுல இருந்து கீழ வர்றதுக்கு மிதிக்கவே வேணாம்ல?"

சோணைக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேணாம் மச்சான். ஆனா இந்தப் பிரேக்கு அந்த எறக்கத்துக்கு நிக்காது. அம்புட்டும் கொண்டை ஊசி வளைவு."

"பின்னாடி மரக்கெளை ஒண்ணக் கட்டி இழுத்துட்டு வந்தா நிக்கும். அந்தக் காலத்துல விறகு வண்டிக்காரங்க அப்படித்தான் வருவாங்க."

"நானும் வர்றேன்," என்றாள் வேலுத்தாய் உள்ளிருந்து.

"பாரம் கூடும் வேலு."

"கூடட்டும். நீங்க மட்டும் போயிட்டு வருவீங்க, நான் வாசலப் பாத்து ஒக்காந்திருக்கணுமா?"

ஜீப்பின் மேல் சைக்கிளைக் கட்டி விடியலில் கிளம்பினார்கள். மலையடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. மெட்டில் டீக்கடைச் சேட்டன் காசிமாயனை அடையாளம் கண்டு, கண்ணாடித் தம்ளரை நிரப்பித் தந்தார். தோட்டம் அங்கிருந்து பக்கம். சோணையை வண்டியில் இருக்கச் சொல்லிவிட்டு, வேலுத்தாயின் தோளில் கை போட்டுக்கொண்டு சரிவில் மெல்ல இறங்கினான்.

சந்தன வேம்பு அப்படியே நின்றது. அவன் கழித்த இடங்களில் புதுக் கிளைகள் வெடித்து நாலா பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தன. அதன் அடியில் மட்டும் ஏலச்செடிகள் வெளுத்து, காயில்லாமல் நின்றன. காசிமாயன் தலையை உயர்த்திப் பார்த்தான். அவன் பார்ப்பதை வேலுத்தாய் பார்த்தாள். அவள் தோளில் இருந்த அவன் விரல்கள் கிளையைப் பற்றுவதுபோல ஒருமுறை இறுகின.

"ரொம்ப அடைச்சிருச்சு," என்றான். "மேக்க இருக்க ரெண்டையும் எடுக்கணும்."

"வேற ஆளு எடுக்கட்டும்."

"ஆமா. வேற ஆளு எடுக்கட்டும்."

விரல்கள் தளர்ந்தன. இருவரும் திரும்பி ஏறினார்கள்.

ரோட்டோரத்தில் சோணை தழைத்த கிளையொன்றை வெட்டிக் கயிற்றால் சைக்கிளுக்குப் பின்னால் கட்டியிருந்தான். டீக்கடைச் சேட்டன் வெளியே வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். "பதுக்கே போகணம், கேட்டோ," என்று மலையாளத்தில் மெல்லப் போகச் சொன்னார். காசிமாயன் ஒரு மைல்கல்லில் கால் வைத்து ஏறினான். வேலுத்தாய் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சோணை ஜீப்பில் முன்னால் போய் முந்தலில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

இறக்கம் சைக்கிளைத் தானாக வாங்கிக்கொண்டது. மிதிக்க வேண்டியதே இல்லை. பின்னால் இலைகள் ரோட்டைக் கூட்டிக்கொண்டு வருகிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டது, ஆற்றங்கரையில் நடக்கிற மாதிரி. முதல் வளைவில் அவன் உடம்பெல்லாம் விறைத்திருந்தது. மூன்றாவது நாலாவது வளைவில் இளகியது. மூடுபனி கீழேயிருந்து ஏறி வந்து அவர்களை விழுங்கியது. பள்ளத்தாக்கு மறைந்தது, மலை மறைந்தது. ரோடுகூட முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒவ்வொரு துண்டாக உண்டானது. உட்கார்ந்த வாக்கிலேயே போய்க்கொண்டிருந்தான். இது கனவா என்று பார்க்கச் சட்டையைப் பிடித்திருந்த கையைத் தொட்டான். கை சூடாக இருந்தது.

ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் பனிக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது. பாறை என்று நினைத்தான். பாறை நடந்தது. காட்டுமாடுகள். பிரேக்கை இழுத்தான், ரப்பர் கருகும் வாடை வந்தது. வலது பக்கம் ரோட்டோரச் சுவர் ஒன்று பனிக்குள்ளிருந்து கைநீட்டிய மாதிரி வந்தது. அதில் காலை ஊன்றி நிறுத்தினான். இலைச் சத்தம் நின்றது. மலையே மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி அமைதி.

அவை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும். பனியில் அந்த வெள்ளை கரைந்துபோய், பெரிய கறுத்த உடம்புகள் மட்டும் தரையைத் தொடாமல் மிதந்து போயின. ஒன்றன்பின் ஒன்றாக, குளம்புச் சத்தம்கூடக் கேட்காமல். கடைசியாக வந்த கிடா நின்று அவர்கள் பக்கம் தலையைத் திருப்பியது. மூக்கிலிருந்து புகை வந்தது. காசிமாயன் அசையவில்லை. வேலுத்தாயின் நெற்றி அவன் முதுகில் பதிந்திருந்தது.

"போகட்டும்," என்று அவள் காற்றாகச் சொன்னாள். "அவுக வழியில நாமதான் வந்துட்டோம்."

கிடா எதையோ முடிவு செய்துகொண்டதுபோலத் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுச் சரிவில் இறங்கியது. பனி அந்த இடத்தை மூடியது. அதன்பிறகும் இருவரும் கிளம்பவில்லை.

"அன்னைக்கு ஒங்களத் தூக்கிப் போட்டுட்டு வந்த ஜீப்புல நானுந்தான் இந்த ரோட்டுல வந்தேன்," என்றாள் வேலுத்தாய், நெற்றியை எடுக்காமலே. "கீழ போயிச் சேர்ற வரைக்கும் கண்ணத் தொறக்கல. தொறந்தா நீங்க இருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். இந்த ரோடு எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்குறேன்."

காசிமாயன் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விழுறப்ப எனக்குப் பயமாவே இல்ல வேலு. யார்கிட்டயும் சொன்னதில்ல. நல்லாக்கூட இருந்துச்சு. அதான் அடிக்கடி கனாவுல வருது."

"ஒங்களுக்கு இருந்திருக்காது," என்றாள் அவள். "கீழ நின்னு பாத்தவ நானு."

அவனுக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. மரத்தடியில் அவள் களை பறித்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியும். அண்ணாந்து பார்த்திருப்பாள் என்பது தோன்றியதில்லை. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கும் முடியாமல் நீண்டிருக்கும். அவளுக்கும் கனவில் வந்திருக்கும், வேறு மாதிரி. கையைப் பின்னால் நீட்டி அவள் கையைப் பிடித்தான். இரண்டு கையும் பனியில் நனைந்திருந்தன. "கண்ணத் தொறந்து வச்சுக்க," என்றான். "எல்லாத்தையும் பாத்துட்டு வா."

சுவரைக் காலால் தள்ளினான். வழியில் புலியூத்து என்ற இடத்தில் நின்று, சூடேறிய ரிம்மின்மேல் ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றினார்கள். உஸ்ஸென்று ஆவி வந்தது. அதற்குக் கீழே பனி கிழிந்து போடி தெரிந்தது: ஓட்டு வீடுகள், தென்னைகள், தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரயில். வேலுத்தாய் ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டே வந்தாள். அந்தா கிட்டங்கி. அந்தா கோயிலு. நம்ம வேப்பமரம் தெரியுதான்னு பாருங்க. அவன் ரோட்டைப் பார்த்தபடியே, தெரியுது தெரியுது என்றான்.

முந்தலில் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்த சோணை அவர்களைக் கண்டதும் நேராக நிமிர்ந்தான். கிளையில் இலை ஒன்றுகூட மிச்சமில்லை. விளக்குமாற்றுக் கட்டை மாதிரி ஒரு குச்சிதான் இழுபட்டு வந்தது. காசிமாயன் மதகுக் கல்லில் காலை ஊன்றினான். சோணை ஓடிவந்து கயிற்றை அறுத்துக் குச்சியை எறிந்தான்.

"சைக்கிளத் தூக்கி மேல போட்டுருவோம் மச்சான். அக்கா, நீ ஏறி முன்னாடி ஒக்காரு."

கீழ்நாட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. இனிமேல் ஊர் வரைக்கும் சமதளம், மிதித்தால்தான் போகும். காசிமாயன் திரும்பிப் பார்த்தான். வேலுத்தாய் கேரியரிலிருந்து இறங்கவில்லை. கலைந்த முடியை அள்ளிச் செருகிக்கொண்டிருந்தாள்.

"எறங்கலையா?"

"வீடு இன்னும் வரலையே," என்றாள்.

காசிமாயன் கல்லைக் காலால் உந்திவிட்டு மிதிக்க ஆரம்பித்தான்.